சுக்கான் நாற்காலியின் வாசகம்

லண்டன் லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தையிடம் ஒரு நாற்காலி இருக்கிறது. மூழ்கிய கப்பலின் சுக்கான் மரத்தில் செய்தது. அதில் பொறித்த வாசகத்தின் கருத்தைத் துண்டு துண்டாகத் தந்து உரை சொல்கிறேன்.

“பிரிட்டிஷ் அரசரின் கப்பல் லா லூட்டீன், 32 பீரங்கிகள், தலைவர் லான்சலாட் ஸ்கின்னர்.”

பெயரே காட்டிக்கொடுக்கிறது, கப்பல் பிரெஞ்சுக்காரர்களுடையது. 1779இல் தூலோனில் கடலில் இறங்கியது. 1793இல் அதே துறைமுகத்தில் பிரெஞ்சு அரசர் கட்சியினர் அதைப் பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்தார்கள்.

“1799 அக்டோபர் 9 காலை, பெரும் பொருளுடன் யார்மத்திலிருந்து புறப்பட்டது.”

நாளும் பொழுதும் துறையும் துல்லியம். பொருளின் அளவு மட்டும் மொட்டையாக ‘பெரும்’. பொன்னும் வெள்ளியும் ஹாம்பர்க் வணிகர்களின் நெருக்கடியைத் தீர்க்கப் போனவை. காப்புறுதி தந்த லாயிட்ஸ்காரர்கள் இழப்பீட்டை முழுதாகக் கட்டினார்கள். 12 லட்சம் பவுன் என்பது வழிவழியாகச் சொல்லும் தொகை. லாயிட்ஸின் பழைய ஏடுகள் 1838 தீ விபத்தில் எரிந்துபோயின. எழுதியவர் தொகையைச் சொல்லாதது அடக்கத்தால் அல்ல, கையில் கணக்கு இல்லாததால்தான் என்பது என் கட்சி.

“அன்றிரவே ஃபிளீலாந்துத் தீவருகே உடைந்தது, ஒருவர் தவிர எல்லாரும் மாண்டனர்.”

புயல் மணல்திட்டில் தள்ளிவிட்டது. கப்பலில் சுமார் 240 பேர். அப்போது ஹாலந்து பிரிட்டனுக்குப் பகைநாடு. ஆகவே உடைந்த கப்பல் போர்க்கொள்ளை ஆயிற்று. அடுத்த இரண்டாண்டுகளில் அவ்வூர் ஆட்கள் 58 தங்கக் கட்டிகளை எடுத்தார்கள். இதை வாசகம் விழுங்கிவிட்டது. பிறகு மணல் மூடியது. 1821இல் டெர்ஸ்கெல்லிங் தீவின் கடற்கரை அதிகாரி எஸ்கோசியே கூட்டுச் சேர்த்து, ஆட்கள் உள்ளே உட்கார்ந்து இறங்கும் மணி வடிவக் கூண்டைக் கொண்டுவந்தார். மணல் வென்றது. 1823இல் டச்சு அரசர் மீட்கும் பொருளில் தம் பங்கைப் பிரிட்டிஷ் அரசருக்குக் கொடுக்க, அவர் லாயிட்ஸுக்குக் கொடுத்தார்.

“சுக்கானும் அதன் சங்கிலியும் மணியும், பொருளில் ஒரு பகுதியும் 1859இல் மீட்கப்பட்டன.”

1857இல் நீரோட்டமே கப்பலின் ஊடாக ஒரு வாய்க்காலை அறுத்து மணலை விலக்கியது. செம்புத் தலைக்கவசமும் ஈயக் காலணியும் அணிந்த முக்குளிப்போர், மேலிருந்து குழாயில் வரும் காற்றை நம்பி இறங்கினார்கள். வாசகத்தில் ஒரு வழு: சுக்கான் கிடைத்தது 1859இல், மணியோ 1858 ஜூலை 17லேயே வந்துவிட்டது. அந்த மணியில் கப்பலின் பெயரே இல்லை. புனித யோவானின் பெயரும் 1779 என்ற ஆண்டும்தான் உண்டு.

‘ஒரு பகுதி’ என்றது 41 தங்கக் கட்டி, 64 வெள்ளிக் கட்டி, 15,000க்கு மேல் நாணயம். பாதி டச்சுக்காரர்களுக்கு. லாயிட்ஸ் கண்டது சுமார் 22,000 பவுன். 12 லட்சத்தை நம்பினால், கட்டிய பணத்தில் நூற்றுக்கு இரண்டுகூடத் தேறவில்லை.

“அப்பொருள் இப்போது லாயிட்ஸ் நிர்வாகக் குழுவின் பொறுப்பில் உள்ளது.”

கிடைத்ததற்கு மட்டுமே இது பொருந்தும். கிடைக்காததையும் அவர்கள் விடவில்லை. 1871ஆம் ஆண்டின் லாயிட்ஸ் சட்டத்தில் லூட்டீனுக்கென்றே விதி எழுதி உரிமையை உறுதிசெய்துகொண்டார்கள். 1938இல் வெள்ளீயச் சுரங்க வேலைக்கென்று கட்டிய காரிமாட்டா என்ற பெரிய தூர்வாரிக் கப்பல் அந்த மணலைக் கிளறியது. சில நாணயங்களோடு, ஒரே ஒரு தங்கக் கட்டி கிடைத்தது.