காவடியில் சென்ற சோறு

ஆரணிப் பட்டை அறியாதார் தமிழகத்தில் அரியர். அந்நகருக்கு அண்மையில் திருமலை என்னும் சமணக் குன்று ஒன்றுண்டு. அதன் பாறையில் முதலாம் இராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொறிக்கப்பட்டது. கங்கை வரை அம்மன்னன் வென்ற நாடுகளை அது வரிசையாக அடுக்கிச் சொல்கிறது. ஆயினும், அக்கல்வெட்டை வெட்டியது மன்னன் புகழைப் பாடுவதற்காக மட்டுமன்று. ஒரு வணிகனின் மனைவி அங்குள்ள குந்தவை சினாலயத்துக்கு விளக்கெரிக்கப் பொருள் கொடுத்ததைப் பதிந்து வைப்பதற்காகவே. அரசர் பெயரோடு ஓர் இல்லத்தரசியின் பெயரும் ஆயிரம் ஆண்டுகள் நிலைத்துவிட்டது. காரணம், யாரோ அதை எழுதி வைத்தார்கள்.

அதே இராசேந்திரன் 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின் மீது கப்பற்படை செலுத்தினான். அக்கடாரமே இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். கெடா சுல்தானுக்கு உரியதாயிருந்த பினாங்குத் தீவு 1786-இல் பிரான்சிஸ் லைட் வாயிலாக ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. படையோடு சென்ற சோழர் திரும்பிவிட்டனர். சரக்கோடு சென்ற நம்மவரோ அங்கே வேரூன்றினர். சூலியர் என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோராய்ச் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலில் வந்து, உழைத்துச் சிறிது பொருள் சேர்த்துத் திரும்புவதை லைட் 1794-இல் எழுதியுள்ளார். சூலியா வீதியும், 1801-இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் அவ்வரலாற்றின் சான்றுகளாய் இன்றும் நிற்கின்றன.

பினாங்குக்குச் செல்லும் நம்மவர் பள்ளிவாசலைக் காணத் தவறுவதில்லை. அங்குள்ள சௌராஸ்தா சந்தையையும் காண வேண்டுமென்போம். நாற்சந்தி எனப் பொருள்படும் உருதுப் பெயர் தாங்கிய இச்சந்தை 1890-இல் ஏற்பட்டது. அதன் பக்கத்துத் தெருவுக்கே தமிழர் பெயர்தான்.

உள்ளே மீனும் இறைச்சியும் காய்கறியும் விற்பது எவ்வூர்ச் சந்தைக்கும் பொதுவே. நம்மை வியக்க வைப்பது ஜாதிக்காய்! நம் வீடுகளில் அதன் கொட்டையையும் பத்திரியையும் மட்டுமே அறிவோம். அங்கோ, கொட்டையைச் சூழ்ந்த சதைக் கனியைச் சீவிச் சர்க்கரையிலும் உப்பிலும் ஊறவைத்துக் குவித்திருக்கிறார்கள். மாங்காய் முதலிய காய்கனிகளும் அவ்வாறே. மொலுக்கஸ் தீவுகளிலிருந்து கம்பெனியார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கொண்டுவந்து நட்ட கன்றுகளின் வரலாறு, இன்று ஊறுகாயாய் நம் நாவில் கரைகிறது.

அந்நகரின் மற்றோர் உணவோ நம்மவர் தோளில் பிறந்தது. அதற்கு நாசி கண்டார் என்று பெயர். மலாய் மொழியில் நாசி என்பது சோறு. கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடித் தண்டு. தண்டின் ஒரு முனையில் சோற்றுக் கூடையும், மறுமுனையில் குழம்புச் சட்டிகளும் தொங்கத் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தெருத்தெருவாய் நடந்தனர். துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் காலையில் அதை உண்டே வேலைக்குச் சென்றனர். மீன் குழம்பும் இறைச்சிக் குழம்பும் ஒன்றோடொன்று கலந்து சோற்றின் மீது வழியும் அச்சுவையே பின்னாளில் அதன் சிறப்பாயிற்று. காலப்போக்கில் காவடி இறங்கிக் கடையாயிற்று. 1907 முதல் நடைபெறும் ஹமீதியா உணவகம் அதற்கொரு சான்று. தமிழ் முஸ்லிம் கடைக்காரரை மலாய் மக்கள் ‘மாமாக்’ என்பது நம் ‘மாமா’ என்னும் உறவுச்சொல்லின் திரிபே என்பர்.

2008-இல் ஜார்ஜ் டவுன் நகரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மகிழ்ச்சியே. ஆனால், நம் மனத்தை உறுத்தும் வினா ஒன்றுண்டு. பள்ளிவாசல் கட்டிய செல்வர் பெயர் தெரிகிறது. காவடி சுமந்தவர் பெயர்களில் எத்தனை நமக்குத் தெரியும்? கடையநல்லூரிலிருந்தும் இராமநாதபுரச் சீமையிலிருந்தும் சென்ற எத்தனையோ பேர், அனுப்பிய பணத்தால் இங்கே வீடாகவும் நிலமாகவும் தங்கையின் திருமணமாகவும் வாழ்கிறார்கள், வரலாற்றில் இல்லை. அங்கே தங்கிவிட்டோரின் பேரர் பலர் தமிழை மறந்து மலாய் பேசுகின்றனர். இங்குள்ள பேரர்களோ பாட்டனார் எந்தத் துறையில் இறங்கினார் என்றும் அறியார். இருகரையிலும் நினைவு தேய்கிறது.

திருமலைப் பாறை நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே: பெரியோர் மட்டுமே வரலாற்றில் நிலைப்பர் என்பதில்லை, எழுதப்பட்டவர் நிலைப்பர். நம் இல்லங்களில் முதியோர் இருக்கும்போதே கேட்போம். பாட்டனார் எந்த ஆண்டு, எந்தக் கப்பலில் சென்றார்? யாரிடம் வேலை செய்தார்? என்ன சமைத்தார்? கல் வேண்டாம், உளி வேண்டாம். ஒரு குறிப்பேடு போதும். தோளில் சோறு சுமந்து நம்மை வாழவைத்தவர்களின் பெயரையாவது நாம் சுமக்க வேண்டாமா?