கட்டளைவரித் தன்னியக்கம்

கட்டளைவரித் தன்னியக்கம் என்பது, கணினியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய பணிகளுக்கான கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, அவற்றைக் கணினியே நிறைவேற்றுமாறு செய்யும் முறை ஆகும். இவ்வாறு எழுதப்படும் கோப்பு குறுநிரல் அல்லது ஸ்கிரிப்ட் எனப்படுகிறது. வழங்கிகளையும் வலையமைப்புகளையும் பராமரிக்கும் கணினி நிர்வாகிகளுக்கு இது ஓர் அடிப்படைத் திறனாகும். நேரம் மிச்சமாவது இதன் வெளிப்படையான பயன். ஒரே பணி எல்லாக் கணினிகளிலும் ஒரே விதமாக நடப்பதும், செய்த முறை எழுத்தில் நிலைப்பதும் அதனினும் முக்கியமான பயன்கள் ஆகும்.

அடிப்படை

வரைகலை இடைமுகத்தில் பயனர் சுட்டியால் படவுருக்களைச் சொடுக்கி வேலை செய்கிறார். கட்டளைவரி இடைமுகத்தில் அதே வேலையைச் சொற்களாகத் தட்டச்சு செய்கிறார். சொடுக்கிய வரிசையை இன்னொருவருக்கு அப்படியே கொடுப்பது கடினம். கட்டளைகள் வெறும் உரை என்பதால் அவற்றைச் சேமிக்கலாம், திருத்தலாம், வேறொரு கணினிக்கு அனுப்பலாம். கட்டளைகளைப் படித்து இயங்குதளத்திடம் ஒப்படைக்கும் நிரல் ஷெல் என அழைக்கப்படுகிறது.

வரலாறு

ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொரு நிரலுக்கு உள்ளீடாக அளிக்கும் 'குழாய்' வசதி, டக் மக்கில்ராயின் கருத்தின்படி 1973ஆம் ஆண்டு யுனிக்ஸ் இயங்குதளத்தில் சேர்க்கப்பட்டது. சிறிய கட்டளைகளைக் கோத்துப் பெரிய பணிகளைச் செய்ய இது வழி வகுத்தது. ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் 1979ஆம் ஆண்டு யுனிக்ஸின் 7ஆம் பதிப்புடன் வெளிவந்தது. குறித்த நேரத்தில் ஒரு பணியைத் தானே தொடங்கி வைக்கும் கிரான் நிரலும் அப்பதிப்பில் இடம்பெற்றது. குனு திட்டத்துக்காகப் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பாஷ் 1989ஆம் ஆண்டு வெளியாயிற்று. வரைகலை இடைமுகத்துக்குப் பெயர் பெற்ற மைக்ரோசாப்ட் நிறுவனமும் 2006ஆம் ஆண்டு பவர்ஷெல்லை வெளியிட்டது. 2016ஆம் ஆண்டு அது திறமூல மென்பொருளாகி லினக்ஸிலும் இயங்கத் தொடங்கியது.

ஓர் எடுத்துக்காட்டு

பாளையங்கோட்டை பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்த நகரம். அங்குள்ள ஒரு கல்லூரியில் 60 கணினிகள் கொண்ட ஆய்வகத்தைச் செய்முறைத் தேர்வுக்கு ஆயத்தம் செய்ய வேண்டும் எனக் கொள்வோம். ஒவ்வொரு கணினியிலும் பின்வரும் பணிகள் நடைபெற வேண்டும்:

1. மாணவர்களின் பழைய கோப்புகளைக் காப்பு நகல் எடுத்தல்
2. அந்நகல் சரியாக உள்ளதா எனச் சரிபார்த்து, பின்னர் பழைய கோப்புகளை நீக்குதல்
3. தேர்வுக்கான பயனர் கணக்கை உருவாக்குதல்
4. இணைய இணைப்பைத் துண்டித்தல்
5. செய்தவற்றைப் பதிவுக் கோப்பில் குறித்தல்

ஒரு கணினிக்கு 8 நிமிடம் என்றால் 60 கணினிகளுக்கு 480 நிமிடம், அதாவது 8 மணி நேரம் ஆகும். குறுநிரல் இதே பணியை ஆய்வக வலையமைப்பின் வழியே எல்லாக் கணினிகளிலும் சில நிமிடங்களில் முடித்துவிடும். நேரத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. களைப்புற்ற நிர்வாகி 43ஆவது கணினியில் இணையத்தைத் துண்டிக்க மறந்தால், அத்தேர்வின் நேர்மையே கேள்விக்குள்ளாகும். எந்தக் கணினி விடுபட்டது என்பதற்குப் பதிவும் இராது. குறுநிரலைப் பயன்படுத்தினால் எந்தக் கணினியில் எந்தப் படி நிறைவேறவில்லை என்பது பதிவுக் கோப்பில் தெரியும். நிர்வாகி விடுப்பில் சென்றாலும் பணி மாறினாலும், அடுத்தவர் அக்கோப்பைப் படித்து வேலையைத் தொடரலாம்.

விடுபட்ட எட்டாவது வழங்கி

ஒரு கணினி விடுபட்டால் என்ன நேரும் என்பதற்கு, அமெரிக்கப் பங்கு வணிக நிறுவனமான நைட் கேப்பிட்டலின் நிகழ்வு பலராலும் சுட்டப்படுகிறது. 2012ஆம் ஆண்டு அந்நிறுவனம் தன் 8 வழங்கிகளில் புதிய நிரலை நிறுவியது. பணியாளர் ஒருவர் அதனை ஒரு வழங்கியில் மட்டும் படியெடுக்கத் தவறினார். அதனை இன்னொருவர் சரிபார்க்கவும் இல்லை. ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்தபோது, அந்த ஒரு வழங்கியில் எஞ்சியிருந்த பழைய நிரல் உயிர்பெற்று, தேவையற்ற பங்கு ஆணைகளை ஓயாமல் அனுப்பியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில் 40 இலட்சம் பரிமாற்றங்கள் நிகழ்ந்தன. இழப்பு 46 கோடி டாலருக்கும் மேற்பட்டது. மறு ஆண்டில் அந்நிறுவனம் வேறொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

தமிழ்ச் சூழலில்

தமிழ் விக்கிமூலத்தின் நூல் திட்டம் தன்னியக்கத்துக்குத் தக்க சான்றாகும். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்வருடி வைத்திருந்தது. திருநெல்வேலியை அடுத்த இராசவல்லிபுரத்தில் பிறந்த ரா. பி. சேதுப்பிள்ளையின் நூல்களும் இவற்றுள் அடங்கும். இவை படங்களாக இருந்தமையால் இவற்றில் ஒரு சொல்லைக்கூடத் தேட இயலாது. கூகுள் டிரைவ் தமிழ் எழுத்துகளை உணர்ந்து உரையாக்கித் தரும். ஆயினும் ஒவ்வொரு பக்கத்தையும் கையால் ஏற்றி, உரையைப் படியெடுத்து, விக்கிமூலத்தில் ஒட்டுதல் வேண்டும். பக்கத்துக்கு 2 நிமிடம் என்று கொண்டாலும், 1 இலட்சம் பக்கங்களுக்கு நாள்தோறும் 8 மணி நேரம் உழைத்து 400 நாட்களுக்கு மேல் ஆகும்.

இந்நிலையில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் த. சீனிவாசன், பைத்தான் மொழியில் ஒரு குறுநிரலை எழுதி 2015ஆம் ஆண்டு கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார். நூலைப் பக்கங்களாகப் பிரித்தல், கூகுள் டிரைவில் ஏற்றுதல், உரையைப் பெறுதல், விக்கிமூலத்தில் பதிதல் ஆகிய அனைத்தையும் அதுவே செய்தது. இதன்வழி ஏராளமான நூல்கள் தேடத்தக்க உரைவடிவம் பெற்றன. எழுத்துப் பிழைகளைத் திருத்தும் மெய்ப்புப் பணியை மட்டும் தன்னார்வலர்களே செய்கின்றனர்.

இடர்கள்

குறுநிரல் சரியான செயலைப் பெருக்குவது போலவே தவறையும் பெருக்கும். 2017ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று அமேசான் எஸ்3 சேவையில், ஒரு கட்டளையின் உள்ளீடு தவறாக அளிக்கப்பட்டதால், கருதியதைவிட மிகுதியான வழங்கிகள் நீக்கப்பட்டு, பல இணையத்தளங்கள் சில மணி நேரம் முடங்கின. அதே ஆண்டு ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் தவறான வழங்கியில் தரவுகளை அழித்துவிட்டார். மீட்க முனைந்தபோது, தானாக நடந்துவந்ததாக நம்பப்பட்ட காப்பு நகலெடுப்பு நெடுநாளாகத் தோல்வியுற்று வந்தது தெரியவந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரைச் சேரவில்லை. ஆகவே பின்வருவன பரிந்துரைக்கப்படுகின்றன:

- நீக்கும் கட்டளைகளை முதலில் வெள்ளோட்டமாக இயக்கி, எவை நீங்கும் என்று பார்த்தல்
- ஒரு கணினியில் சோதித்த பின்னரே மற்றவற்றுக்கு விரித்தல்
- ஒரு படி தோல்வியுற்றால் அங்கேயே நிறுத்துமாறு எழுதுதல்
- கடவுச்சொற்களைக் குறுநிரலுக்குள் எழுதாமை
- காப்பு நகலிலிருந்து அவ்வப்போது மீட்டுப் பார்த்தல்

கற்கும் முறை

கட்டளைவரி கற்க உயர்ந்த கணினி தேவையில்லை. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் உள்ளிட்ட லினக்ஸ் வழங்கல்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. து. நித்யாவின் 'எளிய தமிழில்' வரிசையில் குனு/லினக்ஸ் பற்றிய நூலைக் கணியம் இலவசமாக வழங்குகிறது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் லினக்ஸ் பற்றிய காணொளிப் பாடங்கள் தமிழிலும் உள்ளன. புதிதாகத் தொடங்குவோர், தாம் வாரந்தோறும் கையால் செய்யும் ஒரு சிறு வேலையின் படிகளை முதலில் தமிழில் வரிசையாக எழுதி, பின்னர் ஒவ்வொரு படிக்கும் உரிய கட்டளையைத் தேடுவது எளிய வழியாகும்.

இவற்றையும் பார்க்க

- இயங்குதளம்
- யுனிக்ஸ்
- பைத்தான்
- தமிழ் விக்கிமூலம்