முதல் தலைவரும் மறைந்த பக்கமும்

1919ஆம் ஆண்டு. பாரிஸ் சமாதான மாநாட்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வூட்ரோ வில்சன் வீற்றிருந்தார். மக்களின் சுயநிர்ணயம் பற்றி அவர் முழங்கிய சொற்கள் அடிமை நாடுகளெங்கும் நம்பிக்கையை விதைத்திருந்தன. ஆயினும் ஆசியாவின் குடியேற்ற நாடுகளுக்கு அம்மாநாடு விடுதலை வழங்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 11ஆம் நாள் கொழும்பில் இலங்கைத் தேசிய காங்கிரஸ் தோன்றியது. அதன் முதல் தலைவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம்.

1853இல் கொழும்பிலே பிறந்தவர், கேம்பிரிட்ஜில் கற்றவர், போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையர். 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பை நடத்தியவரும் அவரே. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று போராடினார். 1913இல் ஓய்வு பெற்றபின் அரசியற் சீர்திருத்தத்திற்கு உழைத்தார். இவற்றை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். நாம் கற்பிக்கத் தவறும் பக்கம் ஒன்றுண்டு.

மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத்து ஏழை மக்கள், காட்டுவழியே நடந்து, கொள்ளைநோய்க்கு உற்றாரைப் பறிகொடுத்து, மாத்தளையை அடைந்தே மலைநாட்டினுட் புகுந்தனர். தோட்டத்தில் அவர்களைப் பிணித்தது கடன். பட்ட கடனைக் குறித்த சீட்டே 'துண்டு'. அக்கடனைத் தீர்க்க முன்வரும் தோட்டத்துக்கே தொழிலாளி மாறலாம். சொல்லாமல் வெளியேறினாலோ சிறை! மற்றோர் செய்தால் வெறும் ஒப்பந்த மீறல். தோட்டத் தொழிலாளி செய்தால் குற்றம்.

இக்கொடுமையை எதிர்க்க, 1919இலேயே தொழிலாளர் நலன் காக்கும் சங்கமொன்றை அருணாசலம் நிறுவினார். தோட்டத்திலிருந்து எழுந்த கல்விமானாகிய பெரி சுந்தரம் அதன் செயலாளர். இவர்களது முயற்சியும் இந்திய அரசின் நெருக்குதலும் சேர்ந்தே பயன் தந்தன. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஒப்பந்த மீறலுக்கான சிறைத்தண்டனை நீக்கப்பட்டது.

அருணாசலம் செல்வக் குடியில் பிறந்தவர். விண்ணப்பமும் வாதமுமே அவரது கருவிகள், வேலைநிறுத்தம் அன்று. அக்குறையை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் வாக்குரிமையற்ற மக்களுக்காக, வாக்கை எதிர்பாராது அவர் உழைத்தார்.

அவர் தலைமை தாங்கிய காங்கிரசோ அவ்வழியிற் செல்லவில்லை. மேல்மாகாணத் தமிழருக்கு வாக்களித்த ஆசனம் மறுக்கப்பட்டபோது, 1921இல் அவர் மனம் நொந்து விலகினார். 1924 ஜனவரி 9ஆம் நாள் மதுரையிற் காலமானார். அக்காங்கிரசில் வளர்ந்தவர்களே 1948இல் குடியுரிமைச் சட்டம் இயற்றி, தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கினர். எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் வர 2003ஆம் ஆண்டாயிற்று.

கொழும்பில் பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் அருகே அருணாசலத்தின் சிலை நிற்கிறது. மாத்தளை வகுப்பறையில் அமரும் தோட்டத்துப் பிள்ளைக்குச் சிலையை மட்டும் காட்டினாற் போதாது. அப்பிள்ளையின் முப்பாட்டன் மேலிருந்த விலங்கு எவ்வாறு கழன்றது என்பதையும், மீண்டும் எவ்வாறு பூட்டப்பட்டது என்பதையும் சொல்லுவோம். எளியோர் மீதிருந்த எந்தச் சட்டத்தை நீக்கினார் என்பதே ஒரு தலைவரை அளக்கும் கோல்.