மருந்தும் திருநீறும்

திருச்சிற்றம்பலம்.



நாம் கூடியிருக்கும் இந்தச் சிட்லபாக்கத்துக்கு வடகிழக்கே திருவான்மியூர் என்னும் பாடல் பெற்ற தலம் விளங்குகின்றது. திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் பாடிப் பரவிய அத்தலத்து இறைவனுக்கு மருந்தீசர் என்பது திருநாமம். அகத்திய முனிவருக்கு மூலிகைகளின் இயல்பை உபதேசித்தருளியவர் இப்பெருமானே என்று தலவரலாறு கூறும். வடமேற்கே திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் தோன்றிய குன்றத்தூர் உள்ளது. ஊரை ஒட்டியோ தாம்பரம் சானடோரியம். காசநோயாளர்க்கென மருத்துவர் சௌரிமுத்து 1928ஆம் ஆண்டில் அங்கே நிறுவிய நிலையம், 1937இல் அரசின் கைக்கு மாறி, இன்றும் நெஞ்சக நோய் மருத்துவமனையாய் நின்று பணி செய்கின்றது.

மருந்தீசர் தலம் ஒருபுறமும், சேக்கிழார் ஊர் ஒருபுறமும், பெருமருத்துவமனை அருகிலுமாக வாழும் நம்மிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. "இறைவனை நம்பினவர்க்கு மருந்து எதற்கு? திருநீறு போதாதா? மருந்துண்பது நம்பிக்கைக் குறைவு ஆகாதா?" என்பதே அக்கேள்வி. வாயளவில் நின்றால் இதனால் தீங்கில்லை. ஆனால் இவ்வெண்ணத்தால் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவோரும், குழந்தையின் காய்ச்சலுக்கு நேர்த்திக்கடன் மட்டும் முடிந்து வைத்துக்கொண்டு காத்திருப்போரும் உண்டு. ஓர் உயிர் போவதும் நிற்பதும் இதில் அடங்கியிருத்தலால், நம் முன்னோர் வரலாறு இது பற்றி என் சொல்கின்றது என்று ஈண்டு ஆராய்வாம்.

முதலில் திருநாவுக்கரசர் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். மருந்து வேண்டாம் என்பார் பெரும்பாலும் காட்டுவது அதனையே. சமண் சமயம் சார்ந்து தருமசேனர் என்ற பெயருடன் இருந்த அவரைச் சூலைநோய் பற்றியது. உடனிருந்தோர் மந்திரம் செபித்தும் மயிற்பீலி கொண்டு தடவியும் பார்த்தனர், நோய் தணியவில்லை. பின்னரே அவர் தமக்கையார் திலகவதியாரை அடைந்து, அவர் தந்த திருநீற்றை ஏற்று, திருவதிகை வீரட்டானத்தில் பாடிச் சூலை நீங்கப்பெற்றார். மருத்துவன் கொடுத்த மருந்தைத் தள்ளிவிட்டு அவர் திருநீறு பூசியதாகச் சேக்கிழார் யாண்டும் கூறவில்லை. இறைவன் அவரை ஆட்கொள்ளக் கருவியாகக் கொண்ட நோய் அது. அதனை எல்லார்க்கும் எல்லா நோய்க்கும் விதியாகக் கொள்ளுதல் புராணத்தைப் பொருந்தப் படித்ததாகாது.

அடுத்துப் பாண்டிய மன்னனைப் பற்றிய வெப்புநோய். மதுரையில் திருஞானசம்பந்தர் திருநீறு தடவி அதனை நீக்கிய செய்தியைப் பலரும் அறிவர். அதற்கு முன் நிகழ்ந்ததைப் பலரும் நினைப்பதில்லை. மருத்துவ நூல் வல்லார் தம் கலைகளில் வகுத்த சிகிச்சைகள் அனைத்தையும் செய்து பார்த்தனர் என்றும், அவற்றுக்கு அடங்காமல் வெப்பு மேலும் மேலும் மிகுந்தது என்றும் சேக்கிழார் பெருமான் எடுத்தோதுகின்றார். மங்கையர்க்கரசியார் சிவபத்தியிற் சிறந்தவர், குலச்சிறையாரும் அத்தகையரே. ஆயினும் அரண்மனை மருத்துவரை அவ்விருவரும் தடுத்தாரல்லர். மனிதர் செய்யத்தக்க முயற்சி முழுதும் நடந்த பின்பே திருவருளின் செயல் அங்கே வெளிப்பட்டது. சோழப் பேரரசின் அமைச்சராயிருந்து உலகியல் நன்கறிந்த சேக்கிழார் இந்த முறையை வைத்தது வீணன்று.

இவ்விரண்டினும் நம் உள்ளத்தை உருக்குவது கண்ணப்ப நாயனார் வரலாறு. காளத்திநாதர் திருக்கண்ணில் குருதி பெருகக் கண்டார் திண்ணனார். தம் கண்ணைப் பெயர்த்து அப்பியதை நாம் பெரிதும் பேசுகின்றோம். ஆனால் அவர் முதலிற் செய்தது யாது? காட்டினுள் ஓடினார், வேடர் அறிந்த பச்சிலைகளைத் தேடிப் பறித்தார், கொணர்ந்து திருக்கண்ணிற் பிழிந்து வார்த்தார். அது பயன்படாதொழிந்த பின்னரே, ஊனுக்கு ஊன் என்னும் பழமொழி நினைவுக்கு வர, தம் கண்ணையே எடுத்தார். அன்பின் எல்லையாகச் சைவ உலகம் போற்றும் அப்பெருமகனார், எல்லாம் வல்ல இறைவனுக்கே மருந்து தேடி ஓடினார் எனின், மருந்து தேடுதல் அன்புக்கு மாறாவது எங்ஙனம்? அன்பு உள்ளவன் கை கட்டி நில்லான் என்பதே இவ்வரலாறு உணர்த்துவது.

"நோய் என்பது முன்வினைப் பயன், அதனை நுகர்ந்தே தீர்க்க வேண்டும், மருந்தால் தடுக்கலாகுமோ?" என்பார்க்கு விடை கொங்குநாட்டில் உள்ளது. திருச்செங்கோட்டில் திருஞானசம்பந்தரின் திருக்கூட்டத்தார் குளிர்க்காய்ச்சலால் வருந்தியபோது, அவர் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச்செய்தார். இந்த வினைக்கு இந்தப் பயன் என்று சொல்லிக்கொண்டு, உய்யும் வழியை நாடாமல் இருந்துவிடுதல் உமக்குக் குறையன்றோ என்பது அதன் தொடக்கத்தில் உள்ள கருத்து. வினைக்கொள்கையை அப்பெருமான் மறுக்கவில்லை. வினையைச் சொல்லி வாளாவிருத்தலையே மறுத்தார். நோய் வினையால் வருமாயின், அதைத் தீர்க்கும் மருத்துவனும் மருந்தும் நம் வாசலுக்கு வருவதும் நல்வினையால் என்று ஏன் கொள்ளலாகாது?

இனி அண்மைக் காலத்து வரலாறு ஒன்று. நம் நாட்டில் மருந்தை மறுத்தற்குச் சமய நம்பிக்கை பெருங்காரணமாய் நின்றது பெரியம்மை நோயில்தான். அம்மை கண்டால் மாரியம்மன் வீட்டுக்கு எழுந்தருளியிருக்கிறாள் என்று கொண்டனர். வாசலில் வேப்பிலை செருகினர். பிறரை உள்ளே விடாது காத்தனர். நோயாளியைக் குளிர்ச்சியாக வைத்துத் தாளிதம் விலக்கினர். நோயாளியைத் தனியே வைத்தமையால் பரவுதல் ஓரளவு தடைப்பட்டது. அம்முறையை முழுதும் இகழ்தல் தகாது. ஆயினும் அம்மை குத்திக்கொண்டால் தாய் சினப்பாள் என்ற அச்சமும் உடன் இருந்தது. நோயை மறைத்து வைத்தவர் உண்டு. அம்மை குத்துவோர் வரக் கண்டு குழந்தைகளை ஒளித்தவரும் உண்டு.

அவ்வச்சத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. பசுவின் அம்மைப்பால் 1802ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தது. அதைக் கொணர்ந்தோர் அந்நியர். ஒருவர் கையிலிருந்து எடுத்து மற்றொருவர் கையில் குத்தும் முறையைச் சாதியாசாரம் பார்ப்போர் வெறுத்தனர். இதனை உணர்ந்த எல்லிஸ் துரை, திருக்குறளில் ஈடுபட்டு அதற்கு ஆங்கிலத்தில் உரை வரைந்தவர், அம்மைப்பால் பசு நமக்கு அளித்த கொடையே என்னும் கருத்தமைந்த கதையொன்றைத் தமிழில் எழுதினார். மக்களின் நம்பிக்கையை இடித்துத் தள்ளாமல் அதன் வழியே சென்று உயிர் காக்க அவர் எண்ணினார் போலும். பின்னர்க் கிண்டியில் 1899இல் தொடங்கப்பெற்ற கிங் நிலையம் அம்மைப்பால் தயாரித்து நாடெங்கும் அனுப்பியது.

முடிவு என்னாயிற்று? பற்றியவருள் பத்துப் பேரில் மூவரைக் கொன்றும், பிழைத்தவர் பலரின் முகத்தைச் சிதைத்தும், சிலர் கண்ணைப் பறித்தும் வந்த அந்நோய், 1975ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பின் இந்தியாவில் தோன்றவேயில்லை. 1980ஆம் ஆண்டில் உலகம் முழுதும் அது ஒழிந்ததென்று உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. மாரியம்மன் கோயில்கள் அதனால் மூடப்பட்டனவா? ஆடி மாதக் கூழ் வார்த்தல் நின்றதா? தீமிதி குறைந்ததா? இல்லை. நோய் போயிற்று, தாய் இருக்கின்றாள். மருந்தை ஏற்றால் சமயம் அழியும் என்ற அச்சம் ஆதாரமற்றது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். "ஞானியர் சிகிச்சையை மறுத்ததில்லையா?" என்பர். திருவண்ணாமலையில் வீற்றிருந்த இரமண மகரிஷிகளை நினைப்போம். 1948ஆம் ஆண்டின் இறுதியில் அவர்தம் இடக்கையில் ஒரு கட்டி தோன்றிப் புற்றாயிற்று. கையையே துண்டித்துவிடலாம் என்று மருத்துவர் கூறியபோது அவர் இசையவில்லை. உடம்பே ஒரு நோய், அதன் போக்கில் அது முடியட்டும் என்ற கருத்தினராய் இருந்தார். ஆயினும் 1949ஆம் ஆண்டில் நான்கு முறை அறுவைக்கு உடன்பட்டார். மூலிகை வைத்தியரும் பிறரும் அன்போடு கொணர்ந்த மருந்துகளையும் தள்ளவில்லை. 1950 ஏப்ரல் 14ஆம் நாள் உடம்பை நீத்தார். மருத்துவத்தைப் பாவம் என்று அவர் எண்ணவில்லை. எந்த எல்லை வரை செல்வது என்பதைத் தம் உடம்பளவில் தாமே தெரிந்துகொண்டார்.

தம் உடம்பளவில் என்ற சொல்லை அன்பர்கள் கருத்தில் இருத்த வேண்டும். அறிவு தெளிந்த ஒருவர், விளைவு முழுதும் உணர்ந்து, தமக்கு இச்சிகிச்சை வேண்டா எனல் ஒன்று. அவ்வுரிமையை நம் உச்சநீதிமன்றமும் 2018ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. பேச அறியாத குழந்தைக்கும், தன்னினைவு இழந்த முதியவருக்கும், நம் கையை எதிர்பார்த்திருக்கும் மனையாளுக்கும் நாம் வேண்டா எனல் முற்றிலும் வேறு. மேலைநாடுகளில் யெகோவாவின் சாட்சிகள் எனப்படும் கிறித்தவப் பிரிவினர் பிறர் குருதி ஏற்றிக்கொள்வதில்லை. வயது வந்தோர் மறுத்தால் அங்குள்ள நீதிமன்றங்கள் அதனை மதிக்கின்றன. குழந்தை உயிருக்கு இடர் வருமாயின், பெற்றோர் மறுப்பையும் கடந்து குருதி ஏற்ற ஆணையிடுகின்றன. கண்ணப்பர் பிடுங்கியது தம் கண்ணை. பிறர் கண்ணைப் பிடுங்கிப் பத்தி செய்ய நம் புராணம் எவர்க்கும் இடம் தரவில்லை.

நம் ஊருக்கு அருகே உள்ள காசநோய் மருத்துவமனைக்கே மீண்டும் வருவோம். சௌரிமுத்து அதனை நிறுவிய நாளில் அந்நோய்க்கு மருந்தில்லை. தூய காற்றும் நல்லுணவும் ஓய்வுமே சிகிச்சை. பின்னரே நோயணுவைக் கொல்லும் மருந்துகள் வந்தன. நோயாளியை வீட்டில் வைத்தே அம்மருந்துகளால் குணப்படுத்தலாம் என்பதனைச் சென்னையில் 1956ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சியே உலகுக்குக் காட்டியது. பெரும்பாலார்க்கு ஆறு திங்கள் மருந்து போதும். இடர் எங்கே எனின், ஓரிரு திங்களில் இருமல் அடங்கிவிடும். "ஆண்டவன் தீர்த்துவிட்டான்" என்று மருந்தை நிறுத்தத் தோன்றும். அடங்கியது இருமலே, அணு ஒழியவில்லை. அது மருந்துக்கு அஞ்சாத வலிமை பெற்று மீளும். அருகில் உறங்கும் பேரக் குழந்தையையும் பற்றும். ஆண்டவன் தீர்த்தான் என்பது மெய்யே ஆகுக. அவன் ஆறு திங்கள் மருந்தின் வழியாகத் தீர்க்கத் திருவுளங்கொண்டிருக்க, இரண்டாம் திங்களில் அதை மறிக்க நாம் யார்?

திருவள்ளுவர் மருந்து என ஓர் அதிகாரமே வகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுவோன் என நான்கு கூறுகளை அதன் இறுதியில் வைத்தார். நாம் பெரும்பாலும் நான்காம் இடத்தில் நிற்பவர்கள். அவ்விடத்தில் நிற்கும் அடியவர்க்குச் சில கடமைகள் உண்டு. கோயிலிலிருந்து திருநீறு கொண்டு செல்லுங்கள், நோயாளியின் நெற்றியில் இடுங்கள், திருப்பதிகம் ஓதுங்கள். உரிய வேளைக்கு மருந்தையும் எடுத்துக் கொடுங்கள். நீரிழிவுடையார் விரதம் ஏற்குமுன் மருத்துவரைக் கேட்கச் சொல்லுங்கள். அருள்வாக்கு என்றோ பரிகாரம் என்றோ கூறி மருந்தை நிறுத்தச் சொல்வோர் யாராயினும், அவர் காவி உடுத்தவராயினும், அச்சொல்லைக் கேளாதீர்கள். மேடையேறிப் பேசும் எம்போல்வார்க்கும் இக்கடமை உண்டு. அற்புதத்தைச் சொல்லும்போது அதற்கு முன் ஓடிய பச்சிலைத் தேட்டத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்று வீடு திரும்பியதும், நோயுற்றார் இருப்பின், அவர் இன்றைய மருந்தை உண்டாரா என்று கேளுங்கள். மருந்தீசர் திருவருளால் யாவரும் நோயற்று வாழ்க.

திருச்சிற்றம்பலம்.