டெபியன் வலைத்தளம் உருமாறிய வரலாறு

டெபியன், லினக்ஸ் வழங்கல்களுள் இன்றும் வாழும் மிகப் பழையவற்றில் ஒன்று. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பர்டியூ பல்கலைக்கழக மாணவராக இருந்த இயன் மர்டாக் 1993 ஆகஸ்டு 16 அன்று அதை அறிவித்தார். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத திட்டம் இது. பல நாடுகளில் சிதறியிருக்கும் தன்னார்வலர்கள்தான் அன்றுமுதல் இதை நடத்திவருகிறார்கள். அதன் வலைத்தளமும் அவர்கள் பொறுப்பே. தளத்தின் முகத்தை மாற்றும்படி உத்தரவிட மேலாளர் எவரும் இல்லை, அதற்கெனச் சம்பளம் வாங்கும் வடிவமைப்பாளரும் இல்லை. இந்தத் தளம் அரிதாகவே மாறியதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்லலாம். ஆனால் அதைவிட வலுவான காரணம் தளம் கட்டப்பட்ட முறையிலேயே இருந்தது.

1990களின் பிற்பகுதியில் டெபியன் தளம் டபிள்யூ.எம்.எல். என்ற கருவித்தொகுப்பின் மேல் அமைக்கப்பட்டது. ஜெர்மானிய நிரலாளர் ரால்ஃப் எங்கெல்ஷால் உருவாக்கிய இது, ஒரு பக்கத்தின் மூலக் கோப்பை ஒன்பது கட்டங்களில் பக்குவப்படுத்தி நிறைவான வலைப்பக்கமாக வெளியே தள்ளும். தலைப்புப் பட்டை, அடிப்பகுதி, வண்ணங்கள் போன்ற பொதுவான பகுதிகள் வார்ப்புருக்களில் இருக்கும். பக்கத்துக்கே உரிய செய்தி மட்டும் தனிக் கோப்பில் இருக்கும். இப்படி உருவாகும் பக்கங்கள் நிலையான கோப்புகளாகவே சர்வரில் கிடக்கும். வாசகர் வந்து கேட்கும்போது தரவுத்தளத்தைத் துழாவிப் பக்கத்தைக் கட்டும் வேலை கிடையாது. ஆகவே தளம் முழுவதையும் அப்படியே நகலெடுத்து வேறு நாடுகளின் கண்ணாடித் தளங்களில் வைக்க முடிந்தது; மெதுவான இணைப்பிலும் பழைய உலாவியிலும் பக்கம் திறந்தது. ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலும் படிக்க முடிந்தது. இணையம் தொலைபேசிக் கம்பி வழியே சொட்டிக்கொண்டிருந்த காலத்தில் எடுத்த இந்த முடிவு, பிற்காலத்தில் பாதுகாப்புக்கும் உதவியது. ஓடும் நிரல் எதுவும் இல்லாத பக்கத்தில் புகுந்து கெடுக்கவும் அதிகம் இருக்காது.

மொழி விஷயத்தில் டெபியன் எடுத்த வழி இன்னும் துணிச்சலானது. ஒரே பக்கம் பல மொழிகளில் அருகருகே வைக்கப்பட்டது. கோப்புப் பெயரின் நடுவில் வரும் இரண்டெழுத்துக் குறி மொழியைக் காட்டும். உலாவி ஒவ்வொரு முறையும் தன் விருப்ப மொழிகளின் வரிசையைச் சர்வருக்கு அனுப்புகிறது; சர்வர் அந்த வரிசையைப் பார்த்து, இருப்பவற்றில் பொருத்தமானதை எடுத்துத் தருகிறது. தமிழை முதலில் வைத்து உலாவியை அமைத்தவருக்குத் தமிழ்ப் பக்கம் இருந்தால் தமிழ்ப் பக்கம், இல்லையென்றால் அவர் பட்டியலில் அடுத்த மொழி. கொடிப் படங்களையோ நாட்டு வரைபடத்தையோ அழுத்தத் தேவையில்லை. மொழியை நாட்டோடு முடிச்சுப் போடாத இந்த அணுகுமுறை, பல நாடுகளில் பேசப்படும் தமிழ் போன்ற மொழிக்கு மிகவும் பொருந்தும்.

நடைமுறையில் இதற்கும் ஒரு விலை இருந்தது. பெரும்பாலோர் உலாவியின் மொழி அமைப்பைத் தொடுவதே இல்லை. அடுத்தவர் கணினியில் தளத்தைத் திறந்தவர், தாம் எதிர்பாராத மொழியில் பக்கத்தைக் கண்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பிற மொழிகளுக்கான இணைப்புகள் உண்டு. ஆனால் அதில் ஒன்றைத் தேர்ந்தால் அந்த ஒரு பக்கம் மட்டுமே மாறும். அடுத்த இணைப்பைச் சொடுக்கியதும் பழைய மொழி திரும்பிவிடும். தேர்வை நினைவில் வைக்கக் குக்கி வேண்டும்; அதைத் தளம் பயன்படுத்தவில்லை. குழப்பத்தைத் தீர்க்க, உலாவியில் மொழியை அமைப்பது எப்படி என்று விளக்கும் தனிப் பக்கத்தை எழுதி வைத்தார்கள். வாசகரைப் பின்தொடரக்கூடாது என்ற கொள்கைக்காகக் கொஞ்சம் வசதியை விட்டுக்கொடுத்தார்கள் என்றே இதைக் கொள்ள வேண்டும்.

மொழிகளின் எண்ணிக்கை முப்பதைத் தாண்டியபோது, தளத்தின் உண்மையான கனம் மொழிபெயர்ப்பில் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு மொழிபெயர்ப்புக் கோப்பின் தலையிலும், ஆங்கில மூலத்தின் எந்தப் பதிப்பிலிருந்து அது பெயர்க்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கும். மூலம் 1.25 ஆம் பதிப்புக்குப் போய், தமிழ்க் கோப்பு 1.22 இல் நின்றிருந்தால் மூன்று திருத்தங்கள் பின்தங்கியிருப்பது உடனே தெரியும். மிகவும் பழசாகிவிட்ட பக்கத்தின் தலையில், மூலத்தைப் பார்க்கும்படி எச்சரிக்கை தானாகவே தோன்றும். எளிய ஏற்பாடு, நேர்மையான ஏற்பாடும்கூட. அதேசமயம், ஆங்கிலத்தில் ஒரு பத்தியை அழகுக்காக மாற்றினாலும் அத்தனை மொழிகளிலும் யாரோ ஒருவர் மாலை நேரத்தைச் செலவிட வேண்டியிருந்தது. ஆகவே சொற்களைத் தொடுவதற்கு முன் இருமுறை யோசிக்கும் வழக்கம் வேரூன்றியது.

தோற்றத்தைப் பொறுத்தவரை முதல் நிலையான அடையாளம் 1999 இல் கிடைத்தது. ராவுல் சில்வா வரைந்த செஞ்சுழல் அந்த ஆண்டில் சின்னமானது. புட்டியிலிருந்து சுழல் எழும் வடிவம் அதிகாரப்பூர்வப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது. சுழல் மட்டும் உள்ள வடிவத்தை எவரும் பயன்படுத்தலாம் என்றானது. எந்த வடிவம் எதற்கு என்பதைக்கூட உறுப்பினர்கள் வாக்களித்தே தீர்த்துக்கொண்டார்கள். மக்கள் மனத்தில் நின்றது எல்லோருக்கும் திறந்துவிட்ட அந்தத் தனிச் சுழல்தான்.

தளமோ ஏறத்தாழ 13 ஆண்டுகள் ஒரே உருவில் இருந்தது: வெள்ளைப் பின்னணி, இடப்பக்கம் நீண்ட இணைப்புப் பட்டியல், நடுவில் எழுத்து. 2011 பிப்ரவரி 6 அன்று டெபியன் 6.0 ‘ஸ்க்வீஸ்’ வெளியான நாளிலேயே புதிய வடிவமும் வெளியானது. காலே சோடர்மனின் வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்ட இதில் இடப்பக்கப் பட்டியல் போய், மேலே கிடைமட்டமாக ஒரு பட்டை வந்தது. முதன்மைத் தளத்தோடு விக்கி உள்ளிட்ட துணைத் தளங்களும் ஒரே சாயலுக்கு வந்தன. அதுவரை ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் கைவண்ணத்தில் வளர்ந்தவை. ஒரே திட்டத்தைச் சேர்ந்தவை என்று புதியவருக்குத் தெரிந்திருக்காது. மாற்றத்தின் பெரும்பகுதி வார்ப்புருக்களிலும் பாணிக் கோப்புகளிலும் நடந்ததால், பெரும்பாலான பக்கங்களின் எழுத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. எல்லா மொழிகளும் ஒரே நாளில் புத்தாடை அணிந்தன. அன்றைய சூழ்நிலையில் தன்னார்வலர்களால் செய்யக்கூடிய மிகப் பெரிய மாற்றமும் அதுவே.

அடுத்த மாற்றம் வாசகர் கண்ணுக்குத் தெரியாதது. தளத்தின் மூலக் கோப்புகள் நெடுங்காலம் சி.வி.எஸ். என்ற பழைய பதிப்பு மேலாண்மை முறையில் இருந்தன. அவற்றைத் தாங்கிய ‘அலியோத்’ சர்வர் 2018 இல் மூடப்பட்டபோது, எல்லாவற்றையும் கிட் முறைக்கும் ‘சல்சா’ என்ற புதிய களஞ்சியத்துக்கும் மாற்ற வேண்டிவந்தது. சிக்கல் பதிப்பு எண்களில் இருந்தது. சி.வி.எஸ். ஒவ்வொரு கோப்புக்கும் 1.22, 1.23 என்று வரிசையாக எண் கொடுக்கும். கிட் கொடுப்பதோ 40 எழுத்துகளும் இலக்கங்களும் கலந்த ஒரு குறி. இரண்டு குறிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது முந்தியது என்றே சொல்ல முடியாது. எனவே எல்லா மொழிக் கோப்புகளின் தலைக்குறிப்புகளையும் புதிய குறிகளுக்கு மாற்றி, நிலுவையைக் கணக்கிடும் நிரல்களையும் திருத்தினார்கள். ஒரு தளத்தின் வரலாற்றில் இத்தகைய உழைப்பு பேசப்படுவதே இல்லை. டெபியனில் மொழிபெயர்ப்புகள் உயிரோடு தொடர்ந்ததற்கு இதுவே காரணம்.

2020 டிசம்பரில் முகப்புப் பக்கம் மாறியது. இம்முறை கத்தரி பட்டது சொற்களின்மேல். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த விளக்கங்களும் இணைப்புக் குவியலும் அகற்றப்பட்டு, பெரிய பதிவிறக்கப் பொத்தான் ஒன்றும், சமூகம், இயங்குதளம் என்ற பகுதிகளும் வந்தன. டெபியன் என்பது மனிதர்களின் சமூகம் என்ற கூற்று முன்னால் நின்றது; ஆண்டு மாநாடான டெப்கான்ஃபில் எடுத்த குழுப்படமும் இடம்பெற்றது. கோப்பு வகை, கணினி வகை என்று புதியவரைத் திணறடித்த தேர்வுகளைத் தாண்டி, பொதுவான கணினிகளுக்கான நிறுவிப் படிமம் ஒரே சொடுக்கில் இறங்கியது. இதற்கு மொழிபெயர்ப்பாளர்கள் முகப்பைப் புதிதாக எழுதித்தர வேண்டியிருந்தது உண்மை. ஆனால் புதிய பக்கம் பழையதைவிடக் குறுகியது. சொல் குறைந்தால் சுமையும் குறையும். முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளைச் சுமக்கும் தளத்துக்கு இதைவிடச் சிறந்த சீர்திருத்தம் இருந்திருக்க முடியாது.

பொத்தானுக்குப் பின்னால் இன்னொரு தடை மிச்சமிருந்தது. வைஃபை போன்ற வன்பொருள்கள் இயங்கத் தேவையான கட்டற்றதல்லாத ஃபெர்ம்வேர் கோப்புகளை, கொள்கை காரணமாக அதிகாரப்பூர்வப் படிமத்தில் டெபியன் அப்போது சேர்க்கவில்லை. சேர்த்த படிமங்கள் ‘அதிகாரப்பூர்வமற்றவை’ என்ற பெயரில் எளிதில் கண்ணில் படாத இடத்தில் கிடந்தன. முகப்பில் கிடைத்ததைப் பதிவிறக்கியவர், நிறுவும்போது இணைய இணைப்பே கிடைக்காமல் நின்றார். பக்கத்தை எவ்வளவு அழகாக்கினாலும் தீராத சிக்கல் இது. கொள்கை மாற வேண்டியிருந்தது. 2022 இல் உறுப்பினர்கள் வாக்களித்து, அக்கோப்புகளை அதிகாரப்பூர்வ நிறுவியிலேயே சேர்க்க முடிவு செய்தார்கள். 2023 ஜூன் 10 அன்று வெளியான டெபியன் 12 ‘புக்வர்ம்’ முதல், முகப்புப் பொத்தான் தரும் படிமத்தில் அவையும் சேர்ந்தே வருகின்றன.