ஆச்சாரியாரும் நாயக்கரும்: ஒரு நட்பின் விலை

எதிர் முகாம்களில் நின்றவர்களின் நட்பைப் பற்றித் தமிழில் யார் பேசத் தொடங்கினாலும், முதலில் நாவில் வரும் பெயர்கள் ராஜாஜியும் பெரியாரும்தான். 1972 டிசம்பரில் ராஜாஜியின் இறுதிச் சடங்கில் சக்கர நாற்காலியில் அமர்ந்து கண்ணீர் விட்ட பெரியாரை நினைவுகூர்வோம். அந்த நாகரிகம் இன்று எங்கே என்று பெருமூச்சு விடுவோம். பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அந்தக் கண்ணீரின் உண்மையில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த அந்த நட்புக்கு ஒரு விலை இருந்திருக்குமானால், அதைக் கொடுத்தவர் யார்?

தொடக்கத்தில் இருவரையும் சேர்த்துவைத்தது சித்தாந்தம் அன்று, நகராட்சி நிர்வாகம். 1917 முதல் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் வழக்கறிஞர் ராஜாஜி. ஏறத்தாழ அதே காலத்தில் ஈரோட்டில் அப்பதவியை வகித்தவர் வணிகக் குடும்பத்து ஈ.வெ.ரா. வயதில் ராஜாஜி ஒன்பது மாதங்களே மூத்தவர். ஈ.வெ.ரா.வைக் காங்கிரஸுக்குள் அழைத்து வந்ததில் ராஜாஜியின் பங்கு பெரிது. கதர், கள்ளுக்கடை மறியல், ஒத்துழையாமை எனச் சில ஆண்டுகள் இருவரும் ஒரே நுகத்தடியில் பூட்டிய காளைகளைப் போல் உழைத்தனர். 1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமத்தைத் திறந்துவைத்தவர் ஈ.வெ.ரா.தான் என்பதை இன்று பலரும் மறந்துவிட்டோம்.

அதே 1925ஆம் ஆண்டுதான் இருவரையும் பிரித்தது. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்களுக்குத் தனிப் பந்தி நடந்தது. காங்கிரஸின் நிதி பெற்ற ஒரு நிறுவனத்தில் இது நடக்கலாமா, அதில் கட்சி எந்த அளவு தலையிடலாம் என்ற விவாதத்தில் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் நின்றனர். நவம்பரில் காஞ்சிபுரத்தில் திரு.வி.க. தலைமையில் கூடிய மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்கு இடமளிக்கப்படவில்லை. ஈ.வெ.ரா. வெளியேறினார். அன்று பிரிந்த பாதைகள் பிறகு ஒருபோதும் இணையவில்லை.

நட்பு முறியாததற்குக் காரணம் என்ன? இருவரும் வாய்விட்டுச் சொல்லாத ஓர் உடன்படிக்கை அவர்களிடையே இருந்தது என்று நமக்குத் தோன்றுகிறது. பொதுவாழ்வில் ஒருவர் மற்றவரிடம் சலுகை கேட்பதில்லை, கொடுப்பதுமில்லை. 1938இல் இந்த உடன்படிக்கை கடுஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி அவ்வாண்டு ஏப்ரலில் 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். ஈ.வெ.ரா. போராட்டத்தின் முன்னணியில் நின்றார். நவம்பரில் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு அவருக்குப் ‘பெரியார்’ என்ற பட்டத்தை வழங்கியது. அம்மாநாட்டில் ஆற்றிய உரைக்காகவே அவர்மீது வழக்குத் தொடரப்பட்டு, டிசம்பரில் ஓராண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அறுபதை எட்டிக்கொண்டிருந்த நண்பரைச் சிறைக்கு அனுப்பியது நண்பரின் அரசு. சிறையில் இருந்தபடியே பெரியார் நீதிக்கட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதன் பொருட்டு ராஜாஜிமீது தனிப்பட்ட வன்மம் எதையும் அவர் வளர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இதுவரை சொன்னதைக் கேட்டால் பண்பாட்டின் உச்சம் என்றே தோன்றும். ஆனால் அந்தச் சிறைக்கதையில் வேறு இரு பெயர்களும் உண்டு. நடராசன், தாளமுத்து என்ற அவ்விருவரும் 1939இல் அடுத்தடுத்துக் கைதிகளாகவே உயிர்நீத்தார்கள். தலைவர்களுக்கிடையே பகைமை இல்லை. தொண்டர்களுக்கோ போராட்டம் உயிர்ப்பிரச்சினையாக இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி நீக்கப்பட்டது. மேலே இருவர் கைகுலுக்கிக்கொள்ள முடிவதும், கீழே அவ்வாறு முடியாமற்போவதும் எதிர்க்கட்சி நட்புகள் எல்லாவற்றிலும் பொதுவாகக் காணப்படும் இயல்பு.

அந்த இடைவெளி முழுதாக வெளிப்பட்ட ஆண்டு 1949. அப்போது ராஜாஜி சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல். மே மாதம் திருவண்ணாமலைக்கு வந்த அவரைப் பெரியார் தனியே சந்தித்தார். என்ன பேசினார்கள் என்பது வெளியே வரவில்லை. ஜூலை 9 அன்று, எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த பெரியாருக்கும் ஏறத்தாழ முப்பது வயதினரான மணியம்மைக்கும் பதிவுத் திருமணம் நடந்தது. இயக்கத்தின் சொத்துகளுக்கும் பணிக்கும் சட்டபூர்வமான வாரிசு வேண்டும் என்பது பெரியார் தரப்பு விளக்கம். பெண்ணைத் தத்தெடுத்து வாரிசாக்க அன்றைய இந்துச் சட்டம் இடம் தரவில்லை என்பதையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும்.

அண்ணாவும் அவரைச் சார்ந்தோரும் அதிர்ந்துபோனார்கள். பொருந்தா மணத்தை எதிர்த்து மேடைதோறும் முழங்கியவர்கள் அவர்கள். தம் தலைவருக்காக அதே மேடைகளில் என்ன பதில் சொல்வது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. அதைவிட ஆழமான காயமும் ஒன்று இருந்தது. இயக்கத்தின் எதிர்காலம் பற்றிய யோசனையை, இயக்கம் யாரைத் தன் முதல் எதிரியாகக் கருதியதோ அவரிடம் தலைவர் கேட்டிருக்கிறார், தம்மிடம் கேட்கவில்லை. கழகத்தை உடைக்க ஆச்சாரியார் வகுத்த வியூகம் இது என்ற பேச்சு ஊர்தோறும் பரவியது. செப்டம்பர் 17ஆம் நாள், பெரியாரின் பிறந்தநாளன்றே, திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. 1947 ஆகஸ்ட் 15 துக்க நாளா இன்ப நாளா என்ற சர்ச்சையிலேயே விரிசல் தெரிந்துவிட்டது என்பது உண்மைதான். ஆயினும் அவ்விரிசலைப் பிளவாக்கியது இந்தச் சந்திப்பும் திருமணமுமே.

இவ்விடத்தில்தான் வரலாறு ஒரு விசித்திரத்தை ஒளித்து வைத்திருந்தது. இத்திருமணம் குறித்து ராஜாஜி பெரியாருக்கு எழுதிய கடிதம் பல்லாண்டுகளுக்குப் பின் அச்சில் வந்தது. அதில் அவர் ஊக்கம் தரவில்லை, தயக்கத்தையே தெரிவித்திருந்தார். அந்தரங்கமாக எழுதப்பட்ட அக்கடிதத்தைப் பெரியார் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. அதைக் காட்டியிருந்தால் ஆச்சாரியாரின் சூழ்ச்சி என்ற குற்றச்சாட்டு ஒரே நாளில் உதிர்ந்திருக்கும். பெரியார் வாய் திறக்கவில்லை. ராஜாஜியும் தம்மீது விழுந்த பழியைத் துடைத்துக்கொள்ள முற்படவில்லை. ஒருவர் மற்றவரின் நம்பிக்கையைக் காத்தார். மற்றவர் நண்பரின் அந்தரங்கத்தைக் காத்தார்.

நட்பின் இலக்கணத்தில் இதற்கு மேல் ஒரு படி இல்லை. நாம் தயங்கி நிற்பதும் இங்கேதான். இரு நண்பர்கள் தமக்குள் காத்த மௌனத்துக்கு மூன்றாமவர் ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். தலைவரின் சொல்லை நம்பித் தடியடி பட்டு, சிறை சென்று, ஊர்ப்பகை தேடிக்கொண்ட தொண்டனே அவன். தந்தை ஒரு பக்கமும் தமையன்மார் மறுபக்கமும் நிற்க, யாரோடு போவதென்று அவன் தவித்தான். பிரிந்து போனவர்களைக் ‘கண்ணீர்த் துளிகள்’ என்று பெரியார் ஆண்டுக்கணக்கில் ஏளனம் செய்தார். நண்பரிடம் காட்டிய பெருந்தன்மையில் ஒரு பகுதியைத் தம் பிள்ளைகளிடமும் காட்டியிருக்கலாம் என்று இன்று நாம் நினைப்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது.

பின்வந்த ஆண்டுகளிலும் பழைய உடன்படிக்கை மாறவில்லை. 1952இல் முதலமைச்சரான ராஜாஜி மறு ஆண்டு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் ‘குலக்கல்வி’ என்று பெயரிட்டுப் பெரியார் தாக்கினார். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்ற அத்திட்டம் ராஜாஜியின் பதவியையே பறித்தது. 1954இல் காமராஜர் பொறுப்பேற்றுத் திட்டத்தைக் கைவிட்டபோது, பெரியார் அவரைத் தாங்கி நின்றார். ராஜாஜி ராமாயணத்தை எழுதி, அந்நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அதே பத்தாண்டில்தான் பெரியார் ராமன் படத்தை எரிக்கும் போராட்டம் நடத்தினார். 1957 முதல் 1971 வரை தமிழகச் சட்டமன்றத் தேர்தல் ஒன்றில்கூட இருவரும் ஒரே அணியில் நின்றதில்லை. 1967இல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி தி.மு.க.வோடு சேர்ந்தது; பெரியார் காங்கிரஸுக்கு வாக்குக் கேட்டார். 1971இல் ராஜாஜி காமராஜரோடு சேர்ந்தார், பெரியார் தி.மு.க.வை ஆதரித்தார். அணிகள் தலைகீழாக மாறியபோதும் அவர்கள் எதிரெதிராகவே நின்றார்கள்.

இதில் 1967 தனியே நினைக்கத் தக்கது. பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் ஆச்சாரியாரைக் கலந்தாலோசித்தார் என்பதற்காகத் தலைவரைப் பிரிந்தவர்கள், அதே ஆச்சாரியாரின் தோழமையோடு ஆட்சியைப் பிடித்தார்கள். வென்ற அண்ணா, பதவியேற்கும் முன்பே திருச்சிக்குச் சென்று, தம்மை எதிர்த்துப் பிரசாரம் செய்திருந்த பெரியாரைக் கண்டார். மேலேயிருந்த இருவர் தமக்குள் காத்த நயத்தை, அதனால் காயம்பட்டவர் திருப்பித் தந்த தருணம் அது. இக்கதையில் நம்மை மிகவும் நெகிழச் செய்வதும் அதுவே.

1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி மறைந்தார். ஓராண்டு நிறைய ஒரு நாள் இருக்கையில் பெரியாரும் சென்றார். அவர்களுடைய நட்பை ஏற்றிப் போற்றுவோர் அதன் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். கொள்கையை நட்புக்கு விலையாகக் கொடுக்க இருவரும் மறுத்தார்கள். அதனால்தான் அந்நட்பு கறைபடாமல் நின்றது. ஆனால் தலைவனுக்கு நண்பன் ஒருவன் மட்டும் இல்லை. அவனை நம்பி நடப்போரும் உண்டு. அவர்கள் அறிய வேண்டியதை நண்பனின் பொருட்டு மறைக்கும் இடத்தில் விசுவாசம் தன் எல்லையைத் தொட்டுவிடுகிறது. பெரியாரைப் போன்ற நேர்மையாளரும் அவ்விடத்தில் இடறினார் என்றால், அந்த எல்லையைக் காண்பது எளிதன்று என்றே கொள்ள வேண்டும்.