ஒரு மில்லிவாட்டின் வரலாறு: சோதனை அலையின் வலிமையை அளக்கக் கற்ற கதை

சுங்கை சிப்புட் என்றதும் வரலாற்றுப் பாட மாணவர்களுக்கு உடனே ஞாபகத்துக்கு வருவது 16 ஜூன் 1948. அன்று காலை எல்பில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது. 31 ஜூலை 1960 வரை நீடித்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றி எழுதச் சொன்னால், பிரிக்ஸ் திட்டம், புதுக் கிராமங்கள், அடையாள அட்டை என்று மாணவர்கள் வரிசையாக எழுதிவிடுவார்கள். காட்டுக்குள் போனவர்கள் வெளியில் இருந்தவர்களோடு எப்படிப் பேசினார்கள்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஒரு நல்ல அறிவியல் வரலாறு கிடைக்கும்.

மழைக்காடு வானொலி அலைக்கு எதிரி. ஈரமான இலையும் அடர்ந்த மரமும் அலையை உறிஞ்சிவிடும். அதனால் ரோந்துப் படையினர் மரக்கிளை மேல் கம்பியை வீசி ஏரியல் கட்டி, அலையைக் கிட்டத்தட்ட நேராக வானத்துக்கு அனுப்பி, அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்ப வைத்தார்கள். திரும்பி வரும் அலை மெலிந்துபோயிருக்கும். உதவி கேட்டு வரும் அந்த மெல்லிய குரல் முகாமில் இருக்கும் வானொலிப் பெட்டிக்குக் கேட்குமா, கேட்காதா? காட்டில் மாட்டிக்கொண்டவனுக்கு உயிரா சாவா என்பதே அதில்தான் இருந்தது.

பெட்டி நல்ல பெட்டிதானா என்று எப்படிச் சோதிப்பது? வலிமை இவ்வளவுதான் என்று நமக்குத் துல்லியமாகத் தெரிந்த ஓர் அலையை அதற்குள் செலுத்த வேண்டும். பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். எந்த அளவில் ஒலி இரைச்சலுக்குள் மறைகிறதோ, அதுதான் அந்தப் பெட்டியின் கேட்கும் எல்லை. இப்படி அளந்து கொடுக்கும் கருவிக்குச் சமிக்ஞை ஆக்கி என்று பெயர். தொழிற்சாலையில் சிக்னல் ஜெனரேட்டர் என்றே சொல்வார்கள்.

அளக்க வேண்டுமென்றால் முதலில் அளவுகோல் வேண்டும், இல்லையா? அந்த அளவுகோல் வானொலியிலிருந்து வரவில்லை, தொலைபேசியிலிருந்து வந்தது. அமெரிக்கப் பொறியாளர்கள் தொடக்கத்தில் குரல் இழப்பை 'ஒரு மைல் கம்பி', 'இரண்டு மைல் கம்பி' என்று கம்பியின் நீளத்தை வைத்தே சொல்லிவந்தார்கள். 1920களில் பெல் ஆய்வுக்கூடத்தார் அதை மடக்கை அளவாக மாற்றினார்கள். அதற்கு அலெக்சாந்தர் கிரகாம் பெல்லின் நினைவாக டெசிபல் என்ற பெயர் நிலைத்தது. 10 டெசிபல் கூடினால் திறன் பத்து மடங்கு. 3 டெசிபல் கூடினால் ஏறக்குறைய இரு மடங்கு.

ஆனால் டெசிபல் ஒப்பீடு மட்டும்தான். 'அவனைவிடப் பத்து மடங்கு' என்றால் அவனிடம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமே! 1939-இல் பெல் ஆய்வுக்கூடமும் இரண்டு பெரிய அமெரிக்க வானொலி நிறுவனங்களும் கூடி, ஒரு மில்லிவாட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டன. அதுதான் 0 டி.பி.எம். இங்கே பூஜ்யம் என்றால் 'ஒன்றுமில்லை' என்று பொருளல்ல, 'ஒரு மில்லிவாட்டு' என்று பொருள். மாணவர்கள் தடுமாறும் இடம் இதுதான்.

கருவி இதற்கு முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவின் ஜெனரல் ரேடியோ நிறுவனம் 1928-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது முதல் வணிகச் சமிக்ஞை ஆக்கிகளில் ஒன்று. அலையை உண்டாக்குவது அப்போதே பெரிய வித்தையாக இல்லை. அதை அளவோடு குறைப்பதுதான் வித்தை. குமிழைத் திருப்பி அலையை மைக்ரோவோல்ட்டுக்கு இறக்கிவிட்டோம் என்று நினைப்போம். ஆனால் பெட்டியின் இடுக்கு வழியே கசியும் அலை அதைவிட வலுவாக இருந்தால் அளவு முழுக்கப் பொய். அதனால் உலோக அறைக்குள் உலோக அறை வைத்து, படிப்படியாகக் குறைக்கும் மின்தடைகளைப் பூட்டினார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. பழைய பிரிட்டிஷ் கருவிகள் பலவற்றில் முகப்பில் எழுதியிருந்தது, எதுவும் இணைக்காதபோது உள்ள மின்னழுத்தம். அமெரிக்கக் கருவிகளில் 50 ஓம் சுமை இணைத்த பிறகு கிடைக்கும் மின்னழுத்தம். எண் ஒன்றுதான், உண்மையோ பாதி. வித்தியாசம் 6 டெசிபல். ஒரே பெட்டியை இரண்டு பட்டறைகள் சோதித்து இரண்டு முடிவு சொல்ல இது ஒன்றே போதும். டி.பி.எம். பரவியதற்கு இத்தகைய குழப்பமும் ஒரு காரணம். 50 ஓமில் ஒரு மைக்ரோவோல்ட் என்பது சுமார் -107 டி.பி.எம்.

மலாயா சுதந்திரம் பெற்ற பிறகு, 1919-இல் நம்ம ஊரில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சரானார். 1954-இல் இங்கே மகாத்மா காந்தி கலாசாலையை உருவாக்கிய அதே தலைவர்தான் அவர். தோட்டத்துப் பிள்ளைகளின் பள்ளியும் நாட்டின் தொலைத்தொடர்பும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் சந்தித்ததை மாணவர்களுக்குச் சொல்லலாம்.

அடுத்த திருப்பம் 1972. பினாங்கு பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரத்தில் முதலில் வந்த நிறுவனங்களில் ஒன்று ஹியூலெட்-பேக்கர்ட். அதன் அளவைக் கருவிப் பிரிவு 1999-இல் அஜிலன்ட் என்றும், 2014-இல் கீசைட் என்றும் பெயர் மாறியது. இன்றும் பாயான் லெப்பாசில் சோதனைக் கருவிகள் உருவாகின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பால்மரங்கள் செம்பனைக்கு இடம்விட்ட காலத்தில், தோட்டத்து இளைஞர்களும் பெண்களும் பலர் பினாங்கு ஆலைகளைத் தேடிப் போனார்கள். பாட்டி பால்வாளியில் அளவு பார்த்தார். பேத்தி திரையில் டி.பி.எம். பார்க்கிறார்.

அந்தத் திரையின் முன் உட்காருபவர் செய்ய வேண்டியவை சில உண்டு. இணைப்பதற்கு முன் வெளியீட்டை நிறுத்தி வைக்க வேண்டும். பெறும் கருவி தாங்கும் உச்ச அளவைப் பார்த்து, அதற்குக் கீழே எல்லை போட வேண்டும். கம்பியின் இழப்பைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்: பெட்டிக்கு -50 போய்ச் சேர வேண்டும், கம்பி 2 டெசிபலை விழுங்கும் என்றால், கருவியில் -48 வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கழித்தல் குறியைக் கவனிக்க வேண்டும். -30 என்பது ஒரு மைக்ரோவாட்டு; +30 என்பது ஒரு வாட்டு. ஒரு சின்னக் கோடு விட்டுப்போனால் பத்து லட்சம் மடங்கு! விலையுயர்ந்த கருவி கருகிவிடும்.

பழைய ஜி.எஸ்.எம். கைப்பேசி -102 டி.பி.எம். அளவிலும் கேட்க வேண்டும் என்பது தரவிதி. ஒரு மில்லிவாட்டில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கைவிடவும் குறைவு. ஆனாலும் அது ஒன்றுமில்லாதது அல்ல. அதில்தான் ஒரு மனிதக் குரல் இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. மடக்கைக் கணக்கு கூடுதல் கணிதத்தில் வருகிறது, அவசரகாலம் வரலாற்றில் வருகிறது, கலைச்சொல்லும் கட்டுரையும் தமிழில் வருகின்றன. மூன்றையும் ஒரே பாடத்தில் இணைக்க இந்தத் தலைப்பு உதவும்.

மாணவர் சிந்தனைக்கு:
1. 0 டி.பி.எம். என்பது ஏன் 'அலையே இல்லை' என்று பொருள்படாது?
2. கம்பி இழப்பு 3 டெசிபல். பெட்டிக்கு -90 டி.பி.எம். தேவை. கருவியில் எவ்வளவு வைப்பீர்கள்?
3. 'பொது அளவுகோல் இல்லாமல் நம்பிக்கை இல்லை' – இக்கூற்றை 120 சொற்களில் விளக்கி எழுதுக.